கேட்ட பேஸ்ட்டைத்தான் குடுத்தேன்

பேஸ்ட்டுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். ஒரு பேஸ்ட்டுக்காகத்தான் என்ற சம்சாரம் என்னையக் கொண்டாந்து இந்தக் கோர்ட்டு வராந்தாவுல உக்கார வெச்சிருக்கறா.

பல்லு வெளக்கற பேஸ்ட்டு இல்லீங்க. கம்ப்யூட்டருக்குள்ள பிராசசர்னு ஒண்ணு இருக்குதுங்க. அதாங்க அதுக்கு மூளை. ஓட ஓடச் சூடாகும். அந்தச் சூட்டை இழுத்து வெளிய தள்ளறதுக்கு மேல ஒரு கூலர் உக்காந்திருக்கும். அடியில உலோகக் கட்டை, அதுக்கு மேல ஃபேன். கட்டைக்கும் பிராசசருக்கும் நடுவுல கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்குமுங்க. அதை அடைக்கறதுக்கு ஒரு பேஸ்ட் வெப்போம். தெர்மல் பேஸ்ட்டும்பாங்க. பட்டாணி அளவு போதும். அவ்வளவுதான் விசயம். அதுக்குப் போயி விவாகரத்து மனுவுல என்னன்னு எழுதியிருக்கறா தெரியுங்களா? கொடுமைன்னு. கொடுமையாம்! கட்டுன நாள்லருந்து இந்தக் கை அவ மேல பட்டதில்லீங்க. குடி இல்லை, சீட்டு இல்லை. காந்திபுரத்துல வந்து நல்லசிவம் கம்ப்யூட்டர்ஸ்னு கேட்டுப் பாருங்க. ஒருத்தன் தப்பாச் சொல்ல மாட்டான்.

நீங்க பொண்ணு கேசுக்கு வந்திருக்கறீங்களா? ஓ. அதுவும் கொடுமைன்னுதான் போட்டிருக்குதாக்கும். நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. மாப்ளையையும் ஒருக்காத் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சுக்குங்க. ஆம்பளை பக்கம் என்ன நடந்துதுன்னு இந்தக் காலத்துல யாருங்க கேக்கறா?

என்ற சம்சாரம் பேரு கோகிலவாணி. வாணின்னு கூப்பிடுவோம். நல்ல குடும்பந்தான், அவிநாசிப் பக்கம். எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. ரெண்டு பேர் மேலயும் கொறை இல்லைன்னுட்டாரு டாக்டரு, சரி விடுங்க. பொம்பளை வீட்ல மோட்டுவளையப் பாத்துட்டுத் தனியா உக்காந்திருக்கறாளேன்னு எனக்கே பாவமா இருந்துச்சு. கடையில கழிச்சுப் போட்டதுகளையெல்லாம் ஒட்டவெச்சு ஒரு மிசினு பண்ணிக் குடுத்தேன். போர்டு ஒரு ஆளு வேண்டாம்னு விட்டுட்டுப் போனது. பிராசசரு மட்டும் நல்லது, அதிர்ஷ்டத்துல வந்து சேந்துச்சு. கூலரு பழைய அலுமினியக் கட்டை. எல்லாத்தையும் இந்தக் கையாலதான் மாட்டுனேன். இதெல்லாம் மனுவுல இருக்குதாங்க? இல்லை. நல்லது பண்ணுனதை எவனும் எழுத மாட்டான்.

சினிமாப் பாட்டுக் கேப்பா, சமையல் பாப்பான்னு நெனைச்சேன். இவ என்ன பண்ணுனா, ராச வீதியில ஒரு இடத்துக்குப் போயி நகை டிசைன் பண்ணக் கத்துக்கிட்டா. ஆரம், வங்கி, ஜிமிக்கி எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே வரையறது. வரைஞ்சதை நெசத் தங்கமாட்ட மின்ன வெச்சுக் காட்டறது. அதுக்கு ரெண்டர் போடறதும்பாங்க. ஒரு படத்துக்கு மிசினு மணிக்கணக்கா மொனகிட்டுக் கெடக்கும். அது பத்தலைன்னு இவ ஓவர்கிளாக் பண்ண ஆரம்பிச்சா. ஓவர்கிளாக்குன்னா, கம்பெனிக்காரன் வெச்சு அனுப்புன வேகத்துக்கு மேல பிராசசரை வெரட்டறதுங்க. மாட்டை வெரட்டுற மாதிரின்னு வெச்சுக்குங்க. வேகம் வரும், சூடும் வரும். அளவு தெரியோணும். நான் அப்பவே சொன்னேன், வேண்டாம் வாணி, எரிஞ்சு போகும்னு. எரியலை. சரி, எரியலை. அது அவ நல்ல நேரம்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டாந்தா. கடையில கூட்டம். கல்யாண வீடியோ எடுக்கற ஒரு பையன், பிரதீசுன்னு பேரு, அவன் மிசினைக் கொண்டாந்து வெச்சுட்டு, "அண்ணா, இதைக் கொஞ்சம் வேகமாக்கிக் குடுங்க"ங்கறான். நான் பாத்துட்டு, "தம்பி, இந்தப் பிராசசரு தாங்காது, இருக்கறதை வெச்சு ஓட்டு"ன்னேன். இவ தூக்குப்போசியைக் கீழ வெச்சுட்டு, "தாங்குமுங்க"ங்கறா.

எனக்கு ஒண்ணும் புரியலை. எங்கிட்டத்தான் சொல்றாளா?

"வோல்டேஜைத் தொடாம வேகத்தை மட்டும் சன்னஞ்சன்னமா ஏத்துனாத் தாங்குமுங்க. வீட்ல இதே பிராசசரைத்தான் நான் அப்படி ஓட்டறேன்"ங்கறா.

சொல்லிட்டு நிறுத்தலைங்க. அந்தப் பையன், "பண்ணிக் காட்டுங்கக்கா"ன்னான். இவ என்ற நாற்காலியில உக்காந்தா. பண்ணிட்டா. மிசினு ஓடுச்சு. பிரதீசு கையைத் தட்டிட்டு, "அண்ணா, நாளைலருந்து நீங்க சமைங்க, அக்கா கடையப் பாக்கட்டும்"னான். கடையில நின்ன எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஏன் சிரிக்க மாட்டேன்? நான் எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பழகற ஆளு. அன்னைக்கு அவ கொண்டாந்த சோத்தை அப்படியே சாக்கடையில கொட்டுனேன். அது வேற விசயம். கொழம்புல உப்பு இல்லை. நெசமாவே உப்பு இல்லீங்க.

அதுக்கப்புறம் கடைக்கு வர்றவனெல்லாம், "அக்கா இல்லீங்களா?" ஃபோனை எடுத்தா, "வாணி மேடம் வீட்டுக்காரருங்களா பேசறது?" கடைப் பலகையில என்ற பேரு இருக்குது. எங்கப்பன் வெச்ச பேரு. நான் வாணி மேடம் வீட்டுக்காரரு. இதைக் கேட்டுட்டு ஒரு வார்த்தை நான் அவளைத் திட்டுனதில்லைங்க. அவகிட்டயே கேளுங்க, திட்டுனேனான்னு.

சித்திரை மாசம் ஒரு நகைப் பட்டறைக்காரரு அவளைக் கூப்பிட்டாரு. பெரிய இடம். கண்காட்சி வருது, ஒரு கல்யாணப் பொண்ணுக்கு உச்சி முதல் பாதம் வரைக்கும் முழு செட்டு, எல்லாமே உங்க டிசைன்ல வேணும்னாரு. நல்லா வந்துச்சுன்னா பட்டறையிலயே தனி ரூமு, நிரந்தர வேலை. இவ ராவும் பகலும் அதே நெனைப்பா இருந்தா. எங்க வீட்ல அவ மிசினு வெச்சிருந்த ரூமு மொட்டை மாடிக்கு நேர் கீழ. வெயில் காலத்துல அங்க மனுசனே வெந்து போவான். மிசினு எப்படித் தாங்கும்? பாதி ரெண்டர்ல சூடு ஏறி, ஏறி, அதுவா அணைஞ்சு போகும். திரும்ப மொதல்லருந்து.

அப்பத்தான் கடைக்கு வந்தா. கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து வந்தா. எனக்கு எதிர்ல, கஸ்டமர் நிக்கற பக்கத்துல நின்னா. எனக்கு அது புடிச்சிருந்துச்சுங்க. ரொம்ப நாளைக்கப்புறம் எங்கிட்ட ஒண்ணு கேக்க வந்திருக்கறா.

"ஏனுங்க, பேஸ்ட்டை மாத்தலாம்னு இருக்கறேன். எது வெக்கட்டும்?"

நான் மூணு வகையை எடுத்துக் கண்ணாடி மேல வெச்சேன். ஒண்ணு வெள்ளை. சாதாரணம், வெலை கம்மி, எல்லா மிசினுக்கும் அதுதான் வெப்போம். இன்னொண்ணு சாம்பல் கலரு, அதை விட நல்லது. மூணாவது லிக்விட் மெட்டலு. உலோகமேதாங்க, ஆனா தண்ணியா இருக்கும். பாதரசமாட்ட உருளும். பெரிய பெரிய பந்தயத்துக்கு மிசினு கட்டறவங்க வெக்கறது.

"இதுல எதுங்க சூட்டை நல்லாக் கடத்தும்?"

"இதுதான்"னேன். லிக்விட் மெட்டலைக் காட்டுனேன். உண்மைங்க அது. இந்த உலகத்துல எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவான்.

"எனக்கு ஆகுங்களா?"ன்னா.

"உனக்கு எது ஆகாது? நீதான் மேடமாச்சே"ன்னேன்.

சிரிச்சா. வெக்கப்பட்டுச் சிரிச்சா. நான் பாராட்டறேன்னு நெனைச்சுக்கிட்டா போல. அட்டைப் பெட்டியைக் கழட்டி வெச்சுட்டு ஊசிக்குழலை மட்டும் அவ கையில குடுத்தேன். போகும்போது ஒரு துண்டு உப்புத்தாளும் குடுத்தேன். "கூலர் அடியை நல்லாத் தேச்சுட்டு வெய்யி, அப்பத்தான் புடிக்கும்"னு சொன்னேன். பாருங்க, கேக்காததைக்கூடச் சொல்லிக் குடுத்திருக்கறேன்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? இருங்க, சொல்றேன். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன இருக்குது. லிக்விட் மெட்டலைச் செம்புக் கட்டைக்கு வெக்கலாம். அலுமினியத்துக்கு ஆகாது, அந்த அட்டைப் பெட்டி மேலயே போட்டிருக்கும். அலுமினியத்து மேல சன்னமா ஒரு தோலு இருக்கும், அதுதான் அதுக்குக் காவலு. தேச்சுட்டா அதுவும் போயிரும். அப்புறம் இது உள்ள பூந்து கொஞ்சங்கொஞ்சமாத் தின்னுரும். ஆனா அவ என்னன்னு கேட்டா? எது நல்லாக் கடத்தும்னு கேட்டா. அலுமினியத்துக்கு ஆகுமான்னா கேட்டா? வெளிய எல்லாரும் மேடம் மேடம்ங்கறாங்க. மேடத்துக்கு இது தெரிய வேண்டாமா? கேட்ட பேஸ்ட்டைத்தான் குடுத்தேன்.

மொத ரெண்டு மூணு நாளு, எப்படியாப்பட்ட சந்தோசம்ங்கறீங்க! சூடு சரசரன்னு எறங்கிருச்சு. நான் வீட்டுக்குள்ள காலு வெக்கறதுக்குள்ள ஓடி வந்து, "ஏனுங்க, இப்ப அணையறதே இல்லீங்க, நீங்க குடுத்தது அவ்வளவு நல்லா இருக்குதுங்க"ங்கறா. அன்னைக்கு எனக்குன்னு ஒப்புட்டு சுட்டா. தேங்காய்ப் பூரணம் வெச்சு, நெய் ஊத்தி. பக்கத்துலயே உக்காந்து பரிமாறுனா. கல்யாணமான புதுசுல இருந்தாப்பல இருந்துச்சுங்க. நான் வயிறு நெறையத் தின்னேன். இன்னும் ஒண்ணு வெய்யின்னு கேட்டு வாங்கித் தின்னேன். அந்த மாதிரி ஒப்புட்டு அதுக்கப்புறம் நான் திங்கலை.

அப்புறம் மறுபடியும் சூடு ஏற ஆரம்பிச்சுது. "ஏனுங்க, என்னமோ பழையபடி ஆகுது"ன்னா. "ஓடட்டும், பழகும்"னேன். ஒரு நாள் மத்தியானம், பாதி ரெண்டர்ல, பட்டுன்னு போயிருச்சு. கருகின வாசம். கூலரைத் தூக்கியிருக்கறா, அடிக்கட்டை மழையில நனைஞ்ச பிஸ்கட்டாட்ட உதுந்து கையோட வந்துருச்சு. உருண்டு போன மெட்டலு போர்டுல எறங்கி, போர்டும் போச்சு, பிராசசரும் போச்சு.

எல்லாத்தையும் ஒரு எவர்சில்வர் தட்டுல அள்ளி வெச்சுக்கிட்டு, ஆட்டோ புடிச்சுக் கடைக்கு வந்தா. செருப்பு கூடப் போடலை. அப்பக் கடையில நாலு பேரு இருந்தாங்க. பிரதீசும் இருந்தான். "பாருங்கப்பா, மேடம் பண்ணுன வேலையை"ன்னேன். ஒருத்தன் கட்டையைத் தொட்டான், தூளாக் கொட்டுச்சு. சிரிச்சாங்க. பிரதீசு மட்டும் சிரிக்கலை. அவன் எப்பவும் அவ கட்சி.

டிசைனெல்லாம் ஹார்ட் டிஸ்க்குல பத்திரமாத்தான் இருந்துச்சு. "ஏனுங்க, கடையில ஒரு மிசினு குடுங்க, நாலு நாளு போதும், முடிச்சுக் குடுத்துடறேன்"னு கேட்டா. எல்லாம் கஸ்டமரு மிசினுங்க. குடுக்க முடியுமா? ஒண்ணு ரெண்டு சும்மாவும் கெடந்துச்சு, இல்லைங்கலை. ஆனா அதையும் எரிச்சுப்போட்டா? பட்டறைக்காரரு ரெண்டு தடவை ஃபோன் பண்ணுனாரு. மூணாவது தடவை பண்ணலை. வேலையைத் திருச்சூர்க்காரன் ஒருத்தனுக்குக் குடுத்துட்டாரு.

அந்த உதுந்த கட்டையை நான் தூக்கிப் போடலைங்க. ஷோகேசுல வெச்சேன். பக்கத்துல ஒரு அட்டை எழுதி வெச்சேன், "தெரியாத வேலையைத் தொடாதீர்"னு. கஸ்டமருக்கு ஒரு பாடம். பாக்கறவங்க, "என்னங்க இது?"ன்னு கேப்பாங்க, நான் கதையைச் சொல்லுவேன். வாணி தெனமும் மத்தியானம் சாப்பாடு கொண்டாருவா. அந்தக் கண்ணாடிக்கு முன்னாடிதான் தூக்குப்போசியை வெப்பா. ஒரு நாளு கூட அதை எடுங்கன்னு சொன்னதில்லை. தப்பு அவ பேருலதான்னு அவளே ஒத்துக்கிட்டா.

ஆமாங்க, அவளேதான். "என்ற கை சரியில்லைங்க. நாந்தான் அதிகமா வெச்சிருப்பேன். உங்களுக்கு எவ்வளவு நஷ்டம்"னு அழுதா. "சரி விடு, இனிமேலாவது கேட்டுச் செய்யி"ன்னேன். தலையை ஆட்டுனா. அதுக்கப்புறம் சமையக்கட்டுல ஒரு கண்ணாடித் துண்டை வெச்சுக்கிட்டு, பல்லு வெளக்கற பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வெச்சு, மேல இன்னொரு கண்ணாடியை அமுக்கிப் பாப்பா. எப்படிப் பரவுது, எங்க தப்புப் பண்ணுனோம்னு. தொடைப்பா. மறுபடியும் வெப்பா. நான் டீ குடிச்சுட்டே பாத்துட்டு இருப்பேன். மாசக்கணக்கா இதே பொழப்பு. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல, அப்படின்னு நீங்க நெனைக்கறீங்க. சொல்லலாம். ஆனா கத்துக்கறா, கத்துக்கட்டுமேன்னு விட்டேன். ஒருத்தரு கத்துக்கறதை நான் எப்பவும் தடுக்க மாட்டேன்.

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டுல உக்காந்திருக்கறேன், பக்கத்துல வந்து நின்னா. கையில செல்ஃபோனு. அடுத்த தடவை சரியா வெக்கோணும்னு ஏதோ வீடியோ பாத்திருக்கறா. அதுல ஆரம்பத்துலயே சொல்றானாம், அலுமினியத்துக்கு இதை வெக்கக்கூடாதுன்னு.

"ஏனுங்க, இது உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நான் சாப்பிட்டுட்டு இருந்தேன். சோறு திங்கறப்பக் கேக்கற கேள்வியா? பதில் சொல்லலை. கையைக் கழுவிட்டுப் படுத்துட்டேன். மறுநாள் காலையில கேட்டா. "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அது ஒண்ணைச் சொல்லிருங்க." நான் பேப்பர் படிச்சேன். தெனமும் கேட்டா. சண்டை போடலை, சத்தம் போடலை, அதே கேள்வியை அப்படியே கேப்பா. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெப்பேன். பதில் சொல்லாம இருக்கறது ஒரு குத்தமாங்க? எந்தச் சட்டத்துல இருக்குது? ஒரு நாளு துணிமணியை எடுத்துக்கிட்டு அவிநாசிக்குப் போயிட்டா.

அவளோட பெரியப்பா பெரிய மனுசரு. என்ற மேல பிரியம். எங்க கல்யாணத்தைப் பேசி முடிச்சதே அவருதான். அவங்க ஊட்டு ஆசாரத்துல, அதாங்க முன்கூடத்துல, வெச்சுப் பேசலாம்னு கூப்பிட்டாரு. போனேன். அவங்க பக்கம் ஆளுங்க, எங்க பக்கம் எங்கண்ணன், அண்ணி. வாணி சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. எளைச்சுப் போயிருந்தா. கண்ணுக்குக் கீழ கருப்பு. அப்ப ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போயிட்டு இருந்தாளாம். மேடம் ஜெராக்ஸ் கடையில நிக்கறாங்களா, நல்லதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

"உனக்கு என்னதான் வேணும் கண்ணு?"ன்னு பெரியப்பா கேட்டாரு.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் பெரியப்பா. மிசினு போனது போகட்டும், வேலை போனதும் போகட்டும். அவருக்கு அன்னைக்கே தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க. எனக்குப் பைத்தியம் புடிக்குதுங்க. ஒரு நாளைக்கு அவரு அப்படிப் பண்ணியிருப்பாருன்னு தோணுது. மறுநாளு, இப்படி நெனைக்கறமே, நாம என்ன பொம்பளைன்னு தோணுது. என்ற கையையே நான் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்."

பெரியப்பா சிரிச்சாரு. "இவ்வளவுதானா? மாப்ள, தெரியாமக் குடுத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ உங்கூட வந்துருவா, நான் வண்டி ஏத்தி உடறேன்"னாரு. எங்கண்ணனும் தொடையைத் தட்டி, "சொல்லுடா, தெரியாதுன்னு சொல்லு, முடிஞ்சுது"ங்கறான். அவளும் என்னையப் பாக்கறா. நெசமாச் சொல்றேனுங்க, சொல்லிருவாரு, சொல்லிருவாருன்னு பாக்கறா. அந்த நிமிசம் சொல்லியிருந்தா அவ வந்திருப்பா. சொந்தக்காரங்க அத்தனை பேரும் சுத்தி நிக்கறாங்க. அவளோட தம்பி கதவுக்குப் பக்கத்துல கையைக் கட்டிட்டு நிக்கறான். இவருக்கும் ஒண்ணும் தெரியாதுதானான்னு சிரிக்கறதுக்குத் தயாரா நிக்கறான்.

இருவது வருசமாக் கடை வெச்சிருக்கறேன். எத்தனை பேருக்கு மிசினு கட்டிக் குடுத்திருக்கறேன். அலுமினியத்துக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? அவளுக்கு ஒரு வீடியோ பாத்துத் தெரியுது, எனக்குத் தெரியாதா?

"தெரியும்"னேன்.

"என்ன மாப்ள சொல்ற?"ன்னாரு பெரியப்பா.

"நல்லாத் தெரியும். கடை தொறந்த மொத நாள்லயே தெரியும். எனக்கா தெரியாது?"ன்னேன்.

 எங்கண்ணி, "அட பாவி"ன்னு வாய்க்குள்ள சொன்னா. நான் வாணியைப் பாத்தேன். அழுவா, இல்லைன்னா எந்திரிச்சு வந்து சட்டையைப் புடிப்பான்னு நெனைச்சேன். அதுக்குத் தயாராத்தான் இருந்தேன். அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? பெருசா ஒரு மூச்சு விட்டா. மொகம் அப்படியே தெளிஞ்சுருச்சுங்க. காய்ச்சல் விட்ட கொழந்தையாட்ட. அவ கையை அவளே ஒருக்காப் பாத்துக்கிட்டா. "அப்ப நான் சரியாத்தான் வெச்சிருக்கறேன்"னா. "போதும் பெரியப்பா"ன்னு எந்திரிச்சு உள்ள போயி, அவங்கம்மாகிட்ட, "பசிக்குது, சோறு போடும்மா"ங்கறா. ஆசாரம் வரைக்கும் கேக்குது.

புருசன் வெளிய உக்காந்திருக்கறேன். குடும்பம் அத்துப்போற நேரம். அவளுக்குப் பசிக்குதாம். இவளை என்னன்னு சொல்றது?

அந்தா, தூணுக்கு அக்கட்டால பாருங்க. நீலச் சேலை. அவதாங்க. வந்து ஒரு மணி நேரமாச்சு. தம்பிகூடச் சிரிச்சுப் பேசிட்டு, என்னமோ முறுக்குத் தின்னுட்டு இருக்கறா. திட்டோணும்னா திட்டட்டும், நான் வேண்டாம்ங்கலை. இந்தப் பக்கம் ஒருக்காத் திரும்பிப் பாக்கலாம்லங்க? நான் உண்மையைத்தான சொன்னேன்?